அப்பா சொத்து தானாக வருமா?

ஜாவா படிக்கத் தொடங்கியிருக்கிறீர்களா? "இன்ஹெரிட்டன்ஸ் என்பது அப்பா சொத்து பிள்ளைக்கு வருவது போல" என்று யாராவது சொல்லித் தந்திருப்பார்கள். இன்ஜினியரிங் கல்லூரியில் எனக்கும் அப்படித்தான் சொன்னார்கள். இந்த உதாரணத்தை விட்டுவிட்டால் நல்லது என்பேன்.

பேரண்ட் கிளாஸிலிருந்து சைல்டு கிளாஸுக்கு வருபவை அட்ரிபியூட்டுகள்தான். அவற்றில் நிரப்பிய மதிப்புகள் அல்ல. கிளாஸ் என்பது அச்சடித்த படிவம். ஆப்ஜெக்ட் என்பது நிரப்பிய தாள். எங்கள் ஊரின் 14 கி.மீ. கிரிவலப் பாதையில் எட்டு லிங்கங்கள் உண்டு. 'லிங்கம்' கிளாஸில் திசை என்று ஒரு அட்ரிபியூட் வைத்தால், இந்திர லிங்கத்துக்குக் கிழக்கு, எம லிங்கத்துக்குத் தெற்கு. ஒன்றில் எழுதியது மற்றொன்றில் தானாக ஏறாது.

இது புரியாமல் நான் பட்ட பாடு. திருவண்ணாமலையில் ஒரு லாட்ஜுக்கு பில் போடும் புரோகிராம் எழுதினேன். 'அறை' பேரண்ட், 'ஏசி அறை' சைல்டு. சாதா அறையை ஏசி அறையாக மாற்றும்போது அறை எண், மாடி, வாடகை என வரி வரியாகக் காப்பி செய்தேன். நன்றாகவே ஓடியது. பிறகு பௌர்ணமிக்குத் தனி வாடகை கேட்டார்கள். பேரண்டில் அந்த அட்ரிபியூட்டைச் சேர்த்தேன். காப்பி செய்யும் இடத்தில் மறந்தேன். ஜாவாவில் நிரப்பாத எண் அட்ரிபியூட்டின் மதிப்பு 0. எர்ரர் எதுவும் வராது. பௌர்ணமி இரவு, அத்தனை கூட்டத்தில், ஏசி அறைகளுக்கு வாடகை 0 ரூபாய் என்று பில் வந்தது! ரிசப்ஷன் பெரியவர் கம்ப்யூட்டரை அணைத்துவிட்டு பில் புத்தகத்தை எடுத்தார். "தம்பி, இந்த நோட்டு என்னைக்காவது இப்படிப் பண்ணியிருக்கா?"

காப்பி செய்யும் வேலை பேரண்டுக்கே உரியது. இன்னொரு அறை ஆப்ஜெக்டை வாங்கித் தன் அட்ரிபியூட்டுகளை நிரப்பிக்கொள்ளும் காப்பி கன்ஸ்ட்ரக்டரைப் பேரண்டிலேயே எழுதுங்கள். சைல்டு அதை 'சூப்பர்' மூலம் அழைக்கட்டும். புது அட்ரிபியூட் சேர்க்கும்போது அந்த இடம் கண்ணெதிரிலேயே இருக்கும். பிறகு மாறாத மதிப்பென்றால் 'ஃபைனல்' போட்டுவிடுங்கள். நிரப்ப மறந்தால் கம்பைலரே நிறுத்திவிடும்.

நார்வேயில் ஓலே-யோஹன் டாலும் கிறிஸ்டன் நைகார்டும் 1967-ல் சிமுலா மொழியில் இதைக் கொண்டுவந்தபோது வைத்த சொல் 'பிரிஃபிக்ஸ்', அதாவது முன்னொட்டு. அப்பாவும் பிள்ளையும் அதில் இல்லை!

அடுத்த பௌர்ணமிக்கு பில் சரியாக வந்தது. பெரியவர் மட்டும் நோட்டிலும் ஒரு பிரதி எழுதிக்கொண்டிருந்தார்.