விடையைக் கேட்காதீர்கள், புதிரைக் கொடுங்கள்!

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கிய வீட்டில் முதலில் தேடப்படுவது கேம்ஸ்தான். கார் ரேஸ், துப்பாக்கிச் சண்டை என்று பையன் கேட்பான். "அதெல்லாம் வேண்டாம், செஸ் ஆடு, மூளை வளரும்" என்று அப்பா சொல்வார். எனக்கு ஊர் திருத்தணி. வேலை சென்னையில், சாப்ட்வேர் என்ஜினியர். வாரக் கடைசியில் ஊருக்கு வந்தால் தெருவில் யாராவது ஒருவர், "தம்பி, கம்ப்யூட்டர் வாங்கியிருக்கோம். பையனுக்கு நல்லதா ஏதாவது போட்டுக் குடுப்பா" என்று கூப்பிடுவார். நானும் செஸ் போட்டுக் கொடுப்பேன். கூடவே ஒரு நிபந்தனையும் சொல்வேன். அந்த நிபந்தனையைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை.

செஸ் புரோகிராம்களில் 'புதிர்கள்' என்று ஒரு பகுதி இருக்கும். "வெள்ளை ஆடி இரண்டு நகர்த்தலில் செக்மேட்" என்று ஒரு நிலையைக் காட்டுவார்கள். பக்கத்திலேயே உதவி பட்டனும் இருக்கும். பையன் பத்து வினாடி பார்ப்பான். ஒன்றும் தோன்றாது. ஒரு கிளிக். விடை வந்துவிடும். அடுத்த புதிர், அடுத்த கிளிக். ஒரு மணி நேரத்தில் நாற்பது புதிர் முடிந்துவிடும். அம்மாவுக்கு மகிழ்ச்சி. ஆனால் பையன் ஒரு புதிரைக்கூட விடுவிக்கவில்லை. கம்ப்யூட்டர் விடுவித்தது, அவன் மவுஸைப் பிடித்துக்கொண்டிருந்தான், அவ்வளவுதான்.

இது விளையாட்டோடு நின்றால் கவலையில்லை. இன்று எந்தக் கேள்வியைத் தட்டினாலும் பதிலை எழுதிக் கொடுக்கும் ஏ.ஐ. புரோகிராம்கள் வந்துவிட்டன. செஸ்ஸில் பழகிய விரல் நாளைக்குக் கணக்கு நோட்டிலும் அதையே செய்யும். அதனால் என் நிபந்தனை இதுதான்: புதிரை விடுவிக்கும்போது கம்ப்யூட்டரைத் தொடாதே. புதிரை நீயே உருவாக்கு, அப்போது கம்ப்யூட்டரைக் கூப்பிடு.

கம்ப்யூட்டர் கற்ற முதல் செஸ்

கம்ப்யூட்டருக்கும் செக்மேட் புதிருக்கும் பழைய உறவு உண்டு. 1951ல் இங்கிலாந்தின் மான்செஸ்டரில் இருந்த ஃபெராண்டி மார்க் 1 கம்ப்யூட்டருக்கு டீட்ரிச் பிரின்ஸ் என்பவர் ஒரு செஸ் புரோகிராம் எழுதினார். முழு ஆட்டம் ஆடும் அளவுக்கு அந்த இயந்திரத்துக்குச் சக்தியில்லை. எனவே இரண்டு நகர்த்தலில் மேட் ஆகும் புதிரை மட்டும் அதற்குக் கொடுத்தார். எல்லா நகர்த்தல்களையும் ஒவ்வொன்றாக முயன்று பார்த்து, ஏறத்தாழ கால் மணி நேரத்தில் விடையைக் கண்டுபிடித்தது. இன்று உங்கள் மேசையில் இருக்கும் கம்ப்யூட்டருக்கு அதே வேலை கண் சிமிட்டும் நேரம்.

கவனியுங்கள், அது யோசித்துக் கண்டுபிடிக்கவில்லை. ஒன்றுவிடாமல் தேடிக் கண்டுபிடித்தது. தேடுவதில் அதோடு நாம் போட்டி போட முடியாது. ஆனால் எதைத் தேடச் சொல்வது என்று தீர்மானிப்பது நம் வேலை. இதை ஜப்பானியர்கள் நன்றாகப் புரிந்துவைத்திருக்கிறார்கள்.

1525 படிகள்

ஜப்பானிய செஸ்ஸுக்கு 'ஷோகி' என்று பெயர். 9க்கு 9, மொத்தம் 81 கட்டங்கள். ஆளுக்கு 20 காய்கள். நம் செஸ்ஸிலிருந்து பெரிய வித்தியாசம் ஒன்று உண்டு. எதிரியிடம் வெட்டிய காய் உங்கள் கைக்கு வரும். பிறகு உங்கள் முறை வரும்போது அதைப் பலகையில் காலியான கட்டத்தில் உங்கள் காயாகவே வைக்கலாம்.

ஷோகியில் செக்மேட் புதிருக்கு 'ட்சுமே ஷோகி' என்று பெயர். விதி கடுமையானது. தாக்குபவர் வைக்கும் ஒவ்வொரு நகர்த்தலும் செக்காக இருக்க வேண்டும். எதிரி எப்படித் தப்பித்தாலும் கடைசியில் மேட் ஆக வேண்டும். தாக்குபவருக்கு அதற்கு ஒரே ஒரு வழிதான் இருக்க வேண்டும்.

மிக எளிய உதாரணம் ஒன்று. எதிரி ராஜா தன் கடைசி வரிசையின் நடுவில் தனியாக நிற்கிறது. அதற்கு நேர் முன்னால் ஒரு கட்டம் காலி. அதற்கும் முன்னால் உங்கள் சிப்பாய். உங்கள் கையில் 'தங்கத் தளபதி' என்ற காய் ஒன்று. இந்தக் காய் முன்னே, பின்னே, இரு பக்கம், முன் மூலைகள் இரண்டு ஆக ஆறு திசையில் ஒரு கட்டம் போகும். அதை அந்தக் காலிக் கட்டத்தில், ராஜாவின் முகத்துக்கு நேரே வையுங்கள். ராஜா பக்கத்தில் ஒதுங்கினாலும் முன்னே வந்தாலும் தளபதி பிடித்துவிடும். தளபதியை வெட்டலாம் என்றால் பின்னால் சிப்பாய் காவல் இருக்கிறது. ஒரே நகர்த்தலில் மேட்! ஜப்பானில் ஷோகி கற்பவர்கள் முதலில் பழகும் மேட்களில் இதுவும் ஒன்று.

இங்கே ஆரம்பித்து எவ்வளவு தூரம் போயிருக்கிறார்கள் தெரியுமா? 1755ல் இட்டோ கஞ்ஜு என்ற ஷோகி மேதை அரசுக்குச் சமர்ப்பித்த புதிர்த் தொகுப்பின் கடைசிப் புதிர் 611 நகர்த்தல் கொண்டது. இரு தரப்பு நகர்த்தலையும் சேர்த்து எண்ணுவது அவர்கள் வழக்கம். ஏறத்தாழ 200 ஆண்டுகள் அதை மிஞ்ச ஆளில்லை. பிறகு 1986ல் ஹாஷிமோட்டோ என்பவர் 'மைக்ரோகாஸ்மாஸ்' என்ற புதிரை வெளியிட்டார். திருத்திய வடிவில் அதன் நீளம் 1525 நகர்த்தல். எங்கள் ஊர் முருகன் கோயிலுக்கு 365 படிகள். அவற்றை ஏறும்போதே பலர் நடுவில் உட்கார்ந்துவிடுகிறார்கள். இந்தப் புதிரில் 1525 படிகள், தாக்குபவர் வைக்கும் ஒவ்வொரு அடியிலும் செக்!

மனிதர் அமைத்த இந்தப் புதிரைக் கம்ப்யூட்டர் விடுவித்தது 1997ல்தான். புதிர் பிறந்து பதினோரு ஆண்டுகளுக்குப் பிறகு! ஒரு படி தவறினாலும் கீழே விழும் கட்டடத்தை ஒருவர் மனதில் கட்டியிருக்கிறார். இயந்திரம் பின்னால் வந்து "ஆமாம், சரியாகத்தான் இருக்கிறது" என்று சொல்லியிருக்கிறது.

இன்னொரு பெயரையும் சொல்ல வேண்டும். ஃபுஜி சோடா 2015ல் தொழில்முறை ஆட்டக்காரர்களும் கலந்துகொண்ட புதிர் விடுவிக்கும் போட்டியில் முதலிடம் பெற்றபோது அவருக்கு வயது 12. 2023ல் ஷோகியின் எட்டுப் பெரிய பட்டங்களையும் ஒரே நேரத்தில் வைத்திருந்தார். அவர் புதிர் அமைப்பதிலும் ஆர்வம் உள்ளவர்.

நம் பக்கத்திலும் உண்டு

"இதெல்லாம் ஜப்பான் கதை, நமக்கு எதற்கு?" என்று கேட்காதீர்கள். செஸ் புதிர்களின் வரலாற்றில் நம் நாட்டுக்கும் இடம் உண்டு. 1814ல் பம்பாயில் 'எஸ்ஸேஸ் ஆன் செஸ்' என்ற புத்தகம் அச்சானது. சமஸ்கிருதத்திலிருந்து ஆங்கிலத்துக்குப் பெயர்க்கப்பட்டது. உள்ளே பெரும்பாலும் நெருக்கடியான நிலைகள், அதாவது புதிர்கள். ஆசிரியர் பெயரை ஆங்கிலத்தில் 'ட்ரெவங்கடாச்சார்ய சாஸ்த்ரீ' என்று அச்சிட்டிருக்கிறார்கள். நம் காதுக்கு அது திருவேங்கடாச்சாரியார் என்றே கேட்கிறது. திருவேங்கடம் என்றால் திருப்பதி மலை. எங்கள் ஊரில் பாதிப் பேருக்கு வீட்டில் ஒரு திருவேங்கடமாவது இருப்பார்!

அடுத்தது 1845. டெல்லியில் பாதிரியாராக இருந்த லவ்டே என்ற ஆங்கிலேயர், 'ஷாகிர்த்' என்ற புனைபெயரில் லண்டன் செஸ் பத்திரிகை ஒன்றுக்கு நான்கு நகர்த்தல் புதிர் ஒன்றை அனுப்பினார். அதில் வெள்ளை பிஷப் முதலில் ஓரத்துக்குப் பின்வாங்கும். பிறகு அதன் பாதையை அவர்களுடைய யானையே வந்து மறைக்கும். பைத்தியக்காரத்தனம்போலத் தோன்றும். ஆனால் அப்படி மறைக்காவிட்டால் கறுப்பு ராஜாவுக்கு நகர இடமில்லாமல் ஆட்டம் டிரா ஆகிவிடும். வழி கிடைத்ததும் ராஜா வெளியே வரும். உடனே யானை விலகும், பிஷப்பின் பாதை திறக்கும், மேட்! இந்த உத்திக்கு உலகம் முழுவதும் இன்றும் 'இந்தியன் தீம்' என்றுதான் பெயர். முதலில் அச்சான அந்தப் புதிர் குறையில்லாதது அல்ல. பின்னால் வந்தவர்கள் அதே கருத்தை எடுத்துச் சீராக அமைத்தார்கள். அன்று சரிபார்த்துச் சொல்லக் கம்ப்யூட்டர் இல்லை. உங்களிடம் இருக்கிறது. அதைத்தான் பயன்படுத்தச் சொல்கிறேன்.

வீட்டில் செய்து பாருங்கள்

அமெரிக்க மேதை பால் மார்ஃபி அமைத்து 1856ல் வெளியான புதிர் ஒன்று. சாதாரணச் செஸ் பலகையை எடுத்துக்கொள்ளுங்கள். வெள்ளைக்கு மூன்று காய்கள்: ராஜா சி8, யானை ஏ1, சிப்பாய் பி6. கறுப்புக்கு நான்கு: ராஜா ஏ8, பிஷப் பி8, சிப்பாய்கள் ஏ7, பி7. வெள்ளை ஆடி இரண்டு நகர்த்தலில் மேட். கம்ப்யூட்டரை அணைத்துவிட்டுக் குடும்பத்தோடு உட்கார்ந்து யோசியுங்கள். விடை வேண்டாதவர்கள் இங்கேயே நிறுத்திவிட்டு, கண்டுபிடித்த பிறகு மேலே படியுங்கள்.

விடை: யானையை ஏ6க்கு நகர்த்தி, இலவசமாகக் கொடுங்கள்! கறுப்புச் சிப்பாய் யானையை வெட்டினால், வெள்ளைச் சிப்பாய் பி7க்குப் போய் மேட். வெட்டாமல் பிஷப்பை எங்கே நகர்த்தினாலும் ஏ7க்கு இருந்த காவல் போய்விடும். யானை ஏ7 சிப்பாயை வெட்டி மேட். "நான் இந்த முறை ஆடவில்லை" என்று கறுப்பு சொல்ல முடிந்தால் தப்பித்துவிடும். செஸ்ஸில் அப்படிச் சொல்ல முடியாது. புதிரின் உயிர் அங்கேதான் இருக்கிறது.

இப்போது கம்ப்யூட்டரைப் போடுங்கள். லிச்செஸ் என்ற இணையதளம் முழுக்க இலவசம். அதில் 'போர்டு எடிட்டர்' என்ற பகுதியில் காய்களை மவுஸால் இழுத்து விரும்பிய இடத்தில் வைக்கலாம். மார்ஃபியின் நிலையை அமைத்து, அலசும் பகுதிக்குப் போனால் ஸ்டாக்ஃபிஷ் என்ற புரோகிராம் விடையைக் காட்டும். ஒன்றுக்கு மேற்பட்ட வழிகளைக் காட்டச் சொல்லும் வசதியும் உண்டு.

இனிமேல்தான் வேடிக்கை. கறுப்பு பிஷப்பை எடுத்துவிடுங்கள். இப்போது ஒரே நகர்த்தலில் மேட் ஆகிறது, புதிர் செத்துவிட்டது. பிஷப்பைத் திரும்ப வைத்து, மூலையில் எச்7ல் ஒரு கறுப்புச் சிப்பாயைச் சேருங்கள். இப்போது யானை ஏ6க்கு வந்தால், கறுப்பு அந்தச் சிப்பாயைத் தள்ளிவிட்டுச் சும்மா இருக்கும். சம்பந்தமே இல்லாத மூலையில் ஒரு சிப்பாய், மொத்த விடையும் போச்சு! ஒவ்வொரு காயும் ஏன் அங்கே நிற்கிறது என்று இப்படிக் கலைத்துப் பார்க்கும்போதுதான் புரியும்.

பிறகு நீங்களே நான்கைந்து காய்களை வைத்து ஒரு புதிர் அமையுங்கள். கம்ப்யூட்டரிடம் கொடுங்கள். நீங்கள் நினைக்காத இரண்டாவது விடையைக் கண்டுபிடித்துக் காட்டும். எங்கள் தொழிலில் இதற்கு 'பக்' என்று பெயர். புரோகிராம் எழுதுவது நாங்கள், பக் கண்டுபிடிக்க மட்டும் இயந்திரத்தின் உதவி. புதிரிலும் அப்படியே. ஓட்டையை அது காட்டும், அடைக்க வேண்டியது நீங்கள். ஆர்வம் அதிகமானால் புதிர்களைச் சோதிப்பதற்கென்றே 'பாப்பாய்' என்ற இலவச சாப்ட்வேர் இருக்கிறது. ஷோகி பழக விரும்பினால் லிஷோகி என்ற தளம் உண்டு. ஜப்பானிய எழுத்து படிக்கத் தெரியாதவர்கள் படம் போட்ட காய்களாக அங்கே மாற்றிக்கொள்ளலாம்.

"கால்குலேட்டர் இருக்கும்போது வாய்ப்பாடு எதற்கு என்பதுபோல, கம்ப்யூட்டர் இருக்கும்போது புதிர் எதற்கு?" என்று சிலர் கேட்கிறார்கள். செக்மேட்டின் விடை யாருக்கும் தேவையில்லை என்பது உண்மைதான். அதை வைத்து ஒரு கிலோ அரிசிகூட வாங்க முடியாது. ஆனால் விடை தெரியாமல் அரை மணி நேரம் பொறுமையாக உட்காரும் பழக்கம் எல்லா வேலைக்கும் தேவை. அதைக் கம்ப்யூட்டர் நமக்காகச் செய்து கொடுக்காது. "குழந்தைக்கு அவ்வளவு பொறுமை இருக்காது" என்றும் சொல்வார்கள். விடுவிக்கச் சொன்னால் இருக்காதுதான். "கம்ப்யூட்டரே தப்புக் கண்டுபிடிக்க முடியாத புதிர் ஒன்று செய்து காட்டு பார்க்கலாம்" என்று சொல்லிப் பாருங்கள். சாப்பிடக் கூப்பிட்டாலும் வராது.

இந்த வாரம் உதவி பட்டனுக்கு வீட்டில் விடுமுறை கொடுங்கள். ஒரு பலகை, ஐந்து காய், ஒரு நோட்டுப் புத்தகம் போதும். ஞாயிற்றுக்கிழமை மாலை வீட்டில் அமைத்த புதிரைக் கம்ப்யூட்டரிடம் கொடுத்துப் பாருங்கள். அது ஒரே ஒரு விடை காட்டினால், அந்தப் புதிர் சரியான புதிர். இரண்டு காட்டினால் அடுத்த ஞாயிறும் இருக்கிறது.