திறந்த கதவும் பேராதனையின் பெயரும்

1954ஆம் ஆண்டு ஏப்ரல் 20ஆம் திகதி, எலிசபெத் மகாராணியாரின் முன்னிலையில் பேராதனைச் சர்வகலாசாலையைச் சம்பிரதாயபூர்வமாகத் திறந்துவைக்க எழுந்த எடின்பரோ கோமகன், அங்கே ஏற்கனவே இரண்டாண்டுகளாக வகுப்புகள் நடந்துவருவதை அறிந்து, அது வழக்கத்திலும் அதிகமாகத் திறந்திருப்பதாகப் பிரகடனம் செய்தார் என்பது, பழைய மாணவர் இருவர் கூடுமிடத்தில் இன்றும் சொல்லிச் சிரிக்கப்படும் கதை. கதையின் ஹாஸ்யத்தை ரசிப்பவர்கள், அந்தக் கதவு அன்று யாருக்குத் திறந்திருந்தது என்று மட்டும் பெரும்பாலும் கேட்பதில்லை. பேராதனையின் கீர்த்தி ஏறியதா இறங்கியதா என்று அவர்களுக்குள் ஓயாமல் நிகழும் வாதம், என் அபிப்பிராயத்தில், கேட்கப்படாத அந்தக் கேள்வியின் மாறுவேஷமேயன்றி வேறல்ல.

ஐவர் ஜெனிங்ஸைத் துணைவேந்தராகக் கொண்டு 1942இல் கொழும்பில் ஆரம்பமான இலங்கைச் சர்வகலாசாலை, பத்தாண்டு கழித்து, ஹந்தானை மலையடியில், மகாவலிக் கரையில், முன்பு தோட்டக் காணியாயிருந்த நிலத்தில் குடிபுகுந்தபோது, அபர்குரொம்பியும் ஹொலிடேயும் வகுத்த திட்டத்துக்கு ஷெர்லி டி அல்விஸ் கல்லிலும் ஓட்டிலும் கொடுத்த கண்டிய உருவத்தின் சௌந்தரியத்தைப் பார்த்தவர்கள், அறிவு இனி இங்கேதான் வாசம் செய்யும் என்று நம்பியதில் வியப்பில்லை. லுடோவைக் ஆங்கில இலக்கியம் போதித்தார், சரச்சந்திரர் நமது கூத்தின் வழிவந்த ‘நாடகம’ என்னும் சிங்கள வடிவத்தை ஆராய்ந்து 1956இல் ‘மனமே’யை அரங்கேற்றினார், தமிழ்த் துறையில் கணபதிப்பிள்ளையும் செல்வநாயகமும் வித்தியானந்தனும் வீற்றிருக்க, அவர்கள் எதிரே மாணவராகக் கைலாசபதியும் சிவத்தம்பியும் அமர்ந்திருந்தனர். அறுபதுகளில் வித்தியானந்தன் மட்டக்களப்புக் கூத்தை மெருகிட்டுப் பட்டணத்து மேடைக்குக் கொண்டுவந்ததும் இந்த மலைச்சாரலிலிருந்துதான். இத்தனையும் சத்தியம். அந்தத் தலைமுறை தன் ஞாபகத்தை மிகைப்படுத்துகிறது என்று நான் சொல்லமாட்டேன்.

ஆனால் 1945இல் இலவசக் கல்வி நடைமுறைக்கு வந்த பின்னும் சர்வகலாசாலையின் பாஷை ஆங்கிலமாகவே இருந்தபடியால், கிராமத்துப் பாடசாலையில் தாய்மொழியில் கற்ற பிள்ளைக்கு ஹந்தானையின் அழகு தபால் அட்டையில் பார்க்கக்கூடியதொன்றாகவே இருந்தது. 1960இல் கலைப் பீடத்தில் சிங்களமும் தமிழும் போதனா மொழிகளாகி, அப்பிள்ளை பெட்டியும் பாயுமாக வந்திறங்கியபோது, தரம் வீழ்ந்தது என்ற பேச்சும் அவனோடு கூடவே வந்திறங்கியது. மொழி மாறியதால் தரம் வீழ்ந்தது என்பதை நான் ஒப்புக்கொள்ளவில்லை. விரிவுரை மண்டபத்தில் மொழியை மாற்றியவர்கள் நூலகத்தில் அதை மாற்றவில்லை; சரித்திரமும் பொருளாதாரமும் தத்துவமும் ஆங்கிலப் புத்தகங்களுக்குள்ளேயே தங்கிவிட, அவற்றை வாசிக்கும் வலிமையை மாணவனுக்குக் கொடுக்காமலும், அவன் வாசிக்கக்கூடிய புத்தகங்களை எழுதியோ மொழிபெயர்த்தோ வைக்காமலும், விரிவுரையாளரின் நோட்ஸ் ஒன்றையே அவன் கையில் திணித்துப் பட்டதாரியாக்கி வெளியே அனுப்பினர். விருந்துக்கு அழைத்து இலையை மட்டும் போட்டுவிட்டு, வந்தவனுக்குச் சாப்பிடத் தெரியவில்லை என்று குறை கூறுவது எவ்வகை நியாயம்? இந்தக் குறையைத் தம்மாலியன்ற அளவு நிரப்பியவர்கள் மாணவர்களே. மூத்த மாணவர் இளையோரை இரவில் கூட்டிவைத்துப் பாடம் சொல்லிக்கொடுக்கும் ‘குப்பி’ என்ற வழக்கம், எந்தத் தரவரிசையிலும் புள்ளி பெறாத ஒரு தர்மம்.

1972இல் தனித்தன்மையை இழந்து ஒரே இலங்கைப் பல்கலைக்கழகத்தின் வளாகமாகச் சுருங்கியதும், 1978ஆம் ஆண்டுச் சட்டத்தால் பேராதனைப் பல்கலைக்கழகமாக மீண்டதும் நிர்வாக வரலாறு. அதை இங்கே விரிக்க வேண்டியதில்லை.

தமிழ்ப் பழைய மாணவரின் கணக்கோ வேறு நாட்காட்டியில் எழுதப்பட்டது. 1971ஆம் ஆண்டு அனுமதியில் மருத்துவ பீடத்துக்கு 400 புள்ளிகளில் சிங்கள மாணவருக்கு 229 போதுமென்றும் தமிழ் மாணவருக்கு 250 வேண்டுமென்றும் வகுக்கப்பட்ட நாளில், யாழ்ப்பாணத்து வீடுகளில் பேராதனையின் பெயரை உச்சரிக்கும் குரலே மாறிவிட்டது. 1983 மே மாதத்தில், ஜூலைக் கலவரத்துக்கும் முன்பாகவே, தமிழ் மாணவர்கள் வளாகத்தினுள் தாக்கப்பட்டு வெளியேறினர். சிங்கள மாணவரின் நினைவிலே, அரசுக்கெதிரான கிளர்ச்சி ஒடுக்கப்பட்ட 1989 அதேபோல ஆறாத வடு. வெட்டப்பட்ட தலைகள் வளாகத்துக் குளத்தைச் சுற்றி வைக்கப்பட்டிருந்த காலையைக் கண்டவர்களிடம் போய்க் கீர்த்தியின் ஏற்ற இறக்கத்தைப் பற்றிப் பேசுவது அபசாரமாகும். இவையெல்லாம் வெளியார் செய்தவையென்று சொல்லித் தப்பவும் முடியாது. 1975இல் பகிடிவதைக்கு அஞ்சி ஒரு மாணவி ராமநாதன் விடுதியின் மாடியிலிருந்து குதித்து நடமாட்டத்தை இழந்தாள். 1997இல் பொறியியற் பீடத்துத் தமிழ் மாணவன் ஒருவன் அக்கொடுமையால் உயிரையே இழந்த பின்னர்தான், மறு ஆண்டில், நாட்டுக்கு ஒரு பகிடிவதைத் தடைச் சட்டம் வந்தது. பேராதனையின் பெயருக்கு நேர்ந்த மெய்யான களங்கத்தைத் தேடுபவர் இங்கே தேடவேண்டும், சுயபாஷையில் அல்ல.

இதே ஸ்தாபனம் கண்டியைச் சூழ்ந்த தோட்டத்து லயங்களில் வசிக்கும் தமிழருக்கு எவ்வாறு தோன்றியது என்பதை அறிய எவரும் அவசரப்பட்டதில்லை. 1948இல் பிரஜாவுரிமையைப் பறிகொடுத்த அச்சமூகத்திலிருந்து ஆரம்ப காலத்தில் உள்ளே வந்தவர் மிகச் சிலரே. எழுபதுகளில் தோட்டப் பாடசாலைகளை அரசாங்கம் பொறுப்பேற்கத் தொடங்கிய பின்னரே அவ்வரவு சற்றுப் பெருகியது. சர்வகலாசாலை அனுமதியில் யாழ்ப்பாணத்தின் கதவை ஒடுக்கிய மாவட்டப் பங்கீடு, பின்தங்கியதென்று கணிக்கப்பட்ட நுவரெலியா மாவட்டத்துக்கு ஒரு சிறு ஜன்னலைத் திறந்தது என்பதும், அந்த ஜன்னலருகே வெளிமாவட்டத்தவர் வந்து நின்று இடம்பிடித்தனர் என்ற மனத்தாங்கல் மலையகத்தில் இன்னும் தீரவில்லை என்பதும், தமிழராகிய நாம் நமக்குள் அதிகம் பேசாத விஷயங்கள். தரம் தேய்ந்துவிட்டதாக லண்டனிலும் டொரொன்டோவிலும் பெருமூச்சு விடப்படும் இக்காலமே, மலையகத்து வீடுகளில் முதற் பட்டதாரியின் படம் சுவரில் ஏறும் காலம்.

பேராதனை விடுதிகளில் ஒன்று சேர் பொன்னம்பலம் அருணாசலத்தின் பெயரைத் தாங்கி நிற்கிறது. 1906ஆம் ஆண்டிலிருந்து இலங்கைக்குச் சர்வகலாசாலை வேண்டுமென்று வாதாடிய அப்பெரியார், 1919இல் பெரி. சுந்தரத்தோடு சேர்ந்து தொழிலாளர் நலனுக்கென ஒரு சங்கத்தை நிறுவி, வேலையை விட்டு நீங்கிய தோட்டத் தொழிலாளியைச் சிறைக்கனுப்பிய சட்டத்தை எதிர்த்துப் போராடியவரும்கூட. அவருடைய அந்த இரண்டு முயற்சிகளும் ஒரே கூரையின்கீழ்ச் சந்திப்பதற்கு, அவர் காலமாகிப் பல தசாப்தங்கள் செல்லவேண்டியிருந்தது. லயத்துக் காம்பராவிலிருந்து புறப்பட்ட மாணவன் ஒருவன் அருணாசலம் விடுதியின் அறையொன்றில் முதன்முறையாகத் தன் பெட்டியை இறக்கிவைத்த நாள், நான் இதுவரை கேட்ட பொற்காலக் கதைகள் எதிலும் இடம்பெறவில்லை.