சமத்துவமே பாடசாலை நட்பின் அத்திவாரம்

பிற நாட்டவரையும் பிற மொழியினரையும் மதித்து வாழும் பண்பைப் பாடசாலையிலேயே ஊட்டிவிடலாம் என்று கல்வி அறிஞர் பலர் கூறுகின்றனர். ஒரு நாட்டின் பாடசாலையை இன்னொரு நாட்டின் பாடசாலையோடு இணைத்து, மாணவர் ஒருவருக்கொருவர் கடிதம் எழுதியும், ஒருவர் இல்லத்தில் மற்றவர் தங்கியும் பழகினால் பகையுணர்ச்சி தேய்ந்துபோகும் என்பது அவர்கள் வாதம். இது வெறும் மேடைப் பேச்சா, அன்றிச் செயலிற் பலன் தந்த வழியா என்பதை ஆராய்வது எமது கடமையாகும். சகிப்புத்தன்மை பற்றிய உபதேசங்களை அளவுக்கு அதிகமாகவே கேட்டுச் சலித்த மக்கள் நாம். ஆதலின் சான்றுகளைக் கொண்டே இதனை எடைபோடுவோம்.

பிரான்சும் ஜேர்மனியும் 1870, 1914, 1939 என எழுபது ஆண்டுகளுக்குள் மூன்று முறை போர் புரிந்தன. அவற்றின் எல்லையிலுள்ள அல்சாஸ் நாடு 1871இல் ஜேர்மனியிடம் போயிற்று; 1918இல் பிரான்சிடம் திரும்பியது; 1940இல் மீண்டும் ஜேர்மனியிடம் சிக்கியது; இரண்டாவது உலகப்போரின் முடிவில் மறுபடியும் பிரான்சைச் சேர்ந்தது. ஆட்சி மாறுந்தோறும் அங்குள்ள பிள்ளைகளின் போதனாமொழியும் மாறியது. ஒரு கதியால் தள்ளி நடப்பட்டதற்காகத் தலைமுறை தலைமுறையாக வழக்காடிய குடும்பங்களை எமது கிராமங்கள் அறியும். அங்கே தள்ளி நடப்பட்டது ஒரு தேசத்தின் எல்லை. வழக்கோ பீரங்கி முனையில் நடந்தது.

இப்பகையை வளர்த்ததிற் பாடசாலைக்குப் பெரும் பங்குண்டு. 1871இன் பின்னர் பிரெஞ்சுப் பிள்ளைகளுக்கு, இழந்த மாகாணங்களை நாட்டுப் படத்திற் சுட்டிக்காட்டி, அவற்றை மறவாதே என்று ஆசிரியர் போதித்தனர். ஜேர்மன் பாடசாலைகளோ, செடான் என்னுமிடத்திற் பிரெஞ்சுப் படையை வென்ற நாளை ஆண்டுதோறும் செப்டெம்பர் 2ஆம் திகதி கொண்டாடின. பிறவியிலேயே பகைமையோடு எந்தக் குழந்தையும் பிறப்பதில்லை. அது பாடமாகவே புகட்டப்பட்டது. புகட்டப்பட்ட ஒன்றை வேறொரு பாடத்தால் மாற்ற இயலும் என்பதே அறிஞர்தம் நம்பிக்கையின் அடிப்படை.

ஆயினும் அம்மாற்றம் எளிதில் வரவில்லை. 1935ஆம் ஆண்டில் இரு நாட்டு வரலாற்று ஆசிரியர்களும் பாரிசிற் கூடி, பாடநூல்களிலுள்ள பகைப் பகுதிகளை எவ்வாறு திருத்துவதென உடன்பாடு கண்டனர். ஹிட்லரின் ஆட்சியில் அவ்வுடன்பாடு ஜேர்மன் வகுப்பறைகளை எட்டவில்லை. நல்லெண்ணம் படைத்த ஆசிரியர் இருந்தும், அரசின் நல்லெண்ணம் இல்லாதபடியால் முயற்சி வீணாயிற்று. போர் முடிந்த பின்னர், 1951இல் அதே பணி மீண்டும் தொடங்கிய பொழுதே பலன் தந்தது. அதற்கு ஓராண்டின் முன்னர், 1950இல், ஜேர்மனியின் லுட்விக்ஸ்பேர்க் நகரமும் பிரான்சின் மொன்பெலியார் நகரமும் உறவு பூண்டிருந்தன. நகரங்களின் உறவைத் தொடர்ந்து பாடசாலைகளின் உறவுகள் பல மலர்ந்தன.

1963ஆம் ஆண்டு ஜனவரி 22ஆம் திகதி ஜனாதிபதி டி கோலும் சான்சலர் அடெனவரும் எலிசே ஒப்பந்தத்திற் கைச்சாத்திட்டனர். சட்டம் பயின்றோர் இவ்வொப்பந்தத்தை ஊன்றிப் படித்தல் வேண்டும். இரு நாட்டுப் பிள்ளைகளும் ஒருவர் மொழியை மற்றவர் கற்க வழிசெய்வது, கல்வித் தராதரங்களை ஒப்புக்கொள்வது, இளைஞர் பரிமாற்றத்துக்குப் பொது நிதி அமைப்பது ஆகியவை அதில் எழுத்திலேயே இடம்பெற்றன. அவ்வாண்டு ஜூலை மாதத்தில் அமைந்த பிரெஞ்சு–ஜேர்மன் இளைஞர் அலுவலகத்துக்கு இரு அரசுகளும் சமபங்காகப் பணம் செலுத்துகின்றன. அன்று தொட்டு 90 இலட்சத்துக்கும் மேற்பட்ட இளைஞர் அதன் திட்டங்களிற் பங்குபற்றியுள்ளனர். இங்கிருந்து ஒரு மாணவன் அங்கே சென்று, தோழன் வீட்டில் உண்டு உறங்கி, அவனுடைய வகுப்பிற் படிப்பான். பின்னர் அத்தோழன் இங்கே வருவான். போவதும் வருவதும் இரு பக்கமும் நிகழ்வதே இதன் சிறப்பு.

2003இல் இரு நாட்டு மாணவரும் ஒன்றுகூடிய இளைஞர் மன்றம், எங்களுக்கு ஒரே வரலாற்று நூல் வேண்டும் எனக் கேட்டது. ஒரே உள்ளடக்கம் இரு மொழிகளிற் கொண்ட அந்நூலின் முதற்பகுதி 2006இல் வெளியாயிற்று. மூன்றாம் பகுதி 2011இல் நிறைவெய்தியது. அது எல்லா வகுப்புக்களிலும் பரவிவிடவில்லை என்பதையும் கூறவேண்டும். எனினும், பாட்டன்மார் ஒருவரையொருவர் சுட்ட கதையைப் பேரப்பிள்ளைகள் ஒரே நூலிற் படிக்க முடிந்தது என்பது சிறு காரியமன்று.

யுனெஸ்கோ நிறுவனமும் 1953ஆம் ஆண்டில் 15 நாடுகளின் 33 பாடசாலைகளைக் கொண்டு ஓர் இணைப்பைத் தொடங்கியது. இன்று 180க்கும் மேற்பட்ட நாடுகளில் 11,000க்கும் மேற்பட்ட பாடசாலைகள் அதிற் சேர்ந்துள்ளன. ஆனால் எண்ணிக்கை மட்டும் பலனாகாது. அமெரிக்க உளவியலறிஞர் கோர்டன் ஆல்போர்ட், பழக்கத்தால் வெறுப்புக் குறைவதற்கு நான்கு நிபந்தனைகளை 1954இல் வகுத்தார். இரு சாராரும் சமநிலையில் நிற்றல், பொது நோக்கம் ஒன்று இருத்தல், ஒத்துழைத்து வேலை செய்தல், சட்டமும் அதிகாரமும் அதற்கு ஆதரவளித்தல் என்பனவே அவை. பிரான்சு–ஜேர்மனிய உறவில் இந்நான்கும் உண்டு. உலகிற் பல பாடசாலை உறவுகளில் முதல் நிபந்தனையே இல்லை. செல்வ நாட்டுப் பாடசாலை பழைய புத்தகங்களை அனுப்புகிறது. வறிய நாட்டுப் பாடசாலை நன்றிக் கடிதம் எழுதுகிறது. அங்கே ஒரு பிள்ளை இரக்கத்தையும் மறு பிள்ளை தாழ்மையையும் கற்கின்றன. மதிப்பை எவரும் கற்பதில்லை.

இவ்வளவையும் கூறிய நாம் எமது தீவைப் பற்றிப் பேசாதிருத்தல் முறையாகாது. இங்கே தமிழ்ப் பிள்ளையும் சிங்களப் பிள்ளையும் பெரும்பாலும் வெவ்வேறு மொழிகளில், வெவ்வேறு பாடசாலைகளிற் கல்வி கற்கின்றனர். கடல் கடந்த பாடசாலையோடு எமது பிள்ளை ஆங்கிலத்தில் உரையாடுகிறது. அதே வயதுடைய மாத்தறைப் பிள்ளையோடு பேச அதற்குப் பொதுமொழியும் இல்லை, வாய்ப்பும் இல்லை. ஒருவர் மொழியை மற்றவர் கற்பது பாடத்திட்டத்திற் கட்டாயமாதல் வேண்டுமென்று அரசே நியமித்த ஆணைக்குழு 2011ஆம் ஆண்டிற் பரிந்துரைத்தது. பரிந்துரைகள் அச்சேறுவது இந்நாட்டில் அரிதன்று. அவை வகுப்பறையை அடைவதே அரிது.

உரிமை கிடைத்த பின்னரே உறவு என்று நம்மவருட் சிலர் கூறுவர். அவர்களின் மனத்தாங்கலை நாம் அறிவோம். நீதிக்குப் பதிலாக நட்புவிழா நடத்தி, புகைப்படம் எடுத்து, பிரச்சினை தீர்ந்ததென்று பறைசாற்றும் எந்தத் திட்டத்துக்கும் நாம் உடன்படமாட்டோம். ஆயினும் அரசியல் தீர்வு வரும்வரை பிள்ளைகள் வளராமற் காத்திருக்கப் போவதில்லை. நாளை கைச்சாத்தாகும் ஒப்பந்தத்தைக் காப்பாற்ற வேண்டியவர் இன்று ஐந்தாம் வகுப்பில் இருப்போரே. பருவம் தப்பி விதைத்துவிட்டுப் பின்னர் மழையை நோவதாற் பயனில்லை என்பதைக் கமக்காரருக்கு நாம் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை.

ஆதலால் எமது கோரிக்கைகள் தெளிவானவை. பாடசாலைகளை இணைப்பதாயின் இரு பக்கமும் பயணம் நிகழ்தல் வேண்டும். எமது பிள்ளை தெற்கே போவது போலத் தெற்குப் பிள்ளையும் எமது கிராமத்து வீட்டில் வந்து தங்குதல் வேண்டும். தமிழ் கற்கும் சிங்கள மாணவனுக்குத் தகுதியுள்ள ஆசிரியர் நியமிக்கப்படல் வேண்டும். சிங்களம் கற்கும் தமிழ் மாணவனுக்கும் அவ்வாறே. இரு மொழி வரலாற்று ஆசிரியர்களும் சம எண்ணிக்கையிற் கூடி, சர்ச்சைக்குரிய ஓர் அதிகாரத்தையேனும் ஒன்றாக எழுதிக் காட்டுதல் வேண்டும். வெளிநாட்டுப் பாடசாலை உறவு கொள்ள வரின், எமது அதிபர்கள் கைநீட்டும் பாவனையின்றி, நாம் கற்பிக்கக் கூடியது இன்னது என்று எடுத்துரைத்தல் வேண்டும்.

சட்டத்தரணிகளும் வைத்தியர்களும் ஆசிரியர்களும் தாம் பயின்ற பாடசாலைகளின் பழைய மாணவர் சங்கங்களில் இதனைப் பிரேரணையாகக் கொண்டுவரலாம். பெற்றார் சங்கங்களில் அமரும் விவசாயிகள் அதனை வழிமொழியலாம். பிறர் பிள்ளையை எமது வீட்டுத் திண்ணையில் சமமாக இருத்தி உணவளிக்க நாம் ஆயத்தமாயிருக்கிறோம். எமது பிள்ளைக்கும் அதே ஆசனத்தை அளிக்க மற்றவர் ஆயத்தமா என்பதே நாம் கேட்கும் கேள்வி.