சீட்டைப் பார்த்து உணவை ஒதுக்கலாமா?

தீபாவளி நெருங்கும்போது நம் மாவட்டத்தில் இரண்டு சரக்குகள் மும்முரமாக விற்பனையாகின்றன. ஒன்று சிவகாசிப் பட்டாசு. மற்றொன்று இனிப்புப் பெட்டி. பட்டாசில் ஆபத்து உண்டென்பது சிறு பிள்ளைக்கும் தெரியும். முந்திரியும் பாதாமும் பிஸ்தாவும் பதித்த இனிப்பிலே சிலருக்கு உயிராபத்தே இருக்கக்கூடும் என்பதை நம்மில் எத்தனை பேர் எண்ணிப் பார்த்திருக்கிறோம்?

எண்ணிப் பார்க்கத் தொடங்கியவர்களோ மற்றொரு கோடிக்குப் போய்விடுகிறார்கள். உடலில் சிறு தடிப்புக் கண்டால் போதும், இரத்தம் கொடுத்து, நீண்டதொரு பட்டியலுடன் கூடிய சீட்டை வாங்கி வருகிறார்கள். அதில் எந்தெந்த உணவுக்கு நேராக எண் ஏறியிருக்கிறதோ அதையெல்லாம் அன்றோடு வீட்டில் தடை செய்துவிடுகிறார்கள். அலட்சியம் ஒருபுறம், அச்சம் மறுபுறம். இவ்விரண்டுக்கும் நடுவே அறிவுக்குரிய வழி ஒன்று உண்டு என்பதே இக்கட்டுரையின் கருத்து.

ஒவ்வாமை என்பது யாது? நோய்க்கிருமிகளை எதிர்க்க வேண்டிய உடலின் காவற்படை, தீங்கற்ற உணவுப் புரதம் ஒன்றைப் பகையென்று தவறாக எண்ணிப் போர் தொடுப்பதே ஒவ்வாமை. உண்ட சில நிமிடங்களிலோ, இரண்டு மணி நேரத்திற்குள்ளோ உடலெங்கும் தடிப்பு, உதடு வீக்கம், வாந்தி, மூச்சுத் திணறல், மயக்கம் ஆகியவை தோன்றலாம். இதன் கடுமையான வடிவத்திற்கு 'அனபிலாக்சிஸ்' என்று பெயர். பிரெஞ்சு நாட்டு அறிஞர்களான ரிஷேவும் போர்த்தியேவும் 1902-இல் இதை விளக்கினர். ரிஷேவுக்கு 1913-இல் நோபல் பரிசு கிடைத்தது. இந்தப் போரை நடத்தும் எதிர்ப்புப் பொருளான 'இம்யூனோகுளோபுலின் இ'யை 1966, 1967 ஆண்டுகளில் அமெரிக்காவில் பணியாற்றிய ஜப்பானியத் தம்பதியரான இஷிசாகா இருவரும், சுவீடனில் யோஹான்சன், பென்னிக் ஆகியோரும் தனித்தனியே கண்டறிந்தனர். குறிப்பிட்ட ஓர் உணவுக்கு எதிராக அப்பொருள் இரத்தத்தில் எவ்வளவு உள்ளது என்று அளக்கும் சோதனையும் 1967-இலேயே சுவீடனிலிருந்து வந்தது. இன்று நம் ஊர்ச் சோதனைக்கூடங்களில் எடுக்கப்படும் பரிசோதனை அதன் வழித்தோன்றலே.

இங்கேதான் நாம் கூர்ந்து கவனிக்க வேண்டும். இச்சோதனை அளப்பது எதிர்ப்புப் பொருளை மட்டுமே, நோயை அன்று. லிட்டருக்கு 0.35 கிலோ யூனிட் என்ற அளவையே நெடுங்காலம் எல்லைக்கோடாக வைத்திருந்தனர். இன்றைய கருவிகள் 0.1 வரைகூட அளக்கின்றன. எண் பெருகப் பெருக உண்மையான ஒவ்வாமை இருப்பதற்கான வாய்ப்பும் பெருகும். ஆனால் அடுத்த முறை உண்டால் தடிப்போடு நிற்குமா, மூச்சை அடைக்குமா என்பதை அந்த எண் சொல்லாது. சிறிய எண் உடையவருக்குப் பெரிய ஆபத்து நேரலாம். பெரிய எண் உடையவர் நாள்தோறும் முந்திரி தின்று நலமாகவும் இருக்கலாம்.

இது வெறும் ஏட்டுக் கணக்கன்று. நம் பக்கத்து மாநிலமான கர்நாடகத்திலேயே இதற்குச் சான்று கிடைத்திருக்கிறது. ஐரோப்பிய அறிஞர்களோடு இணைந்து அங்கே நடத்தப்பட்டு 2016-இல் வெளியான ஓர் ஆய்வில் 11,791 வயது வந்தோரிடம் விசாரித்தார்கள். அவர்களுள் தேர்ந்தெடுத்த சிலரை இரத்தப் பரிசோதனைக்கும் உட்படுத்தினார்கள். ஏதேனும் ஓர் உணவுக்கு எதிராக இரத்தத்தில் எதிர்ப்புப் பொருள் உடையவர்கள் நூற்றுக்கு 26.5 பேர் என்று மதிப்பிடப்பட்டது. உணவு ஒவ்வாமை உண்மையிலேயே இருக்கக்கூடியவர்களோ நூற்றுக்கு 1.2 பேர்தான்! மக்கள் வழக்கமாக உண்ணாத உணவுகளுக்குக்கூட இரத்தம் 'ஆம்' என்று சொல்லியது. சீட்டை மட்டும் நம்பியிருந்தால் நான்கில் ஒருவரை நாம் நோயாளியாக்கியிருப்போம். மணியோசை கேட்ட இடமெல்லாம் யானை வந்துவிடாது, நண்பர்களே!

"வீணாக ஒதுக்கினால்தான் என்ன நட்டம்? பாதுகாப்புத்தானே?" என்று சிலர் வினவலாம். நட்டம் உண்டு. பால், முட்டை, கோதுமை, கடலை என்று ஒவ்வொன்றாக விலக்கினால் வளரும் பிள்ளைக்குப் புரதம் எங்கிருந்து வரும்? முந்திரியை விலக்குவது வசதியுள்ள வீட்டுக்கு எளிது. நிலக்கடலையை விலக்குவது ஏழை வீட்டுக்கு எளிதா? மேலும், இங்கிலாந்தில் நடத்தப்பட்டு 2015-இல் வெளியான ஆராய்ச்சி ஒன்று, ஒவ்வாமை வரும் அபாயமுள்ள குழந்தைகளுக்குக் கைக்குழந்தைப் பருவத்திலேயே நிலக்கடலை உணவைக் கொடுத்து வந்தால் பிற்காலத்தில் அந்த ஒவ்வாமை பெரிதும் குறைகிறது என்று மெய்ப்பித்தது. அஞ்சி விலக்குவதே சில வேளைகளில் நோய்க்கு வழிகோலும் என்பது இதனால் விளங்கும்.

பெயர்க் குழப்பமும் நம்மிடையே உண்டு. எண்ணெய் வணிகத்திற்குப் பெயர்பெற்ற விருதுநகரில் நிலக்கடலையை அறியாதார் இல்லை. அது அவரைக் குடும்பத்துச் செடி. முந்திரி, பாதாம், பிஸ்தா, அக்ரூட் ஆகியவை மரத்தில் காய்ப்பவை. அவற்றுள்ளும் முந்திரியும் பிஸ்தாவும் ஒரே குடும்பம். மாவும் சேராங்கொட்டையும் அவற்றின் உறவினர். ஆகவே முந்திரி ஒவ்வாதவருக்குப் பிஸ்தாவும் ஒவ்வாமற்போவது மிகுதி. அதற்காகப் பாதாமும் கடலையும் ஒவ்வாது என்று முடிவு கட்டுவது பிழை. 'கொட்டை' என்ற ஒரே சொல்லால் எல்லாவற்றையும் கட்டிப்போடலாகாது.

அப்படியானால் இரத்தப் பரிசோதனை வீணா? இல்லவே இல்லை. அது நல்ல சாட்சி. தீர்ப்புச் சொல்லும் நீதிபதியாக அதை அமர்த்துவதே தவறு. என்ன உண்டாய், எவ்வளவு உண்டாய், எத்தனை நிமிடத்தில் என்ன நேர்ந்தது, மறுபடியும் நேர்ந்ததா என்று டாக்டர் முதலில் கேட்டறிய வேண்டும். அக்கதையில் முந்திரி வந்தால் முந்திரிக்கு மட்டும் சோதனை செய்யலாம். முந்திரியிலுள்ள 'அனா ஓ 3' என்ற தனிப் புரதத்தைச் சோதிக்கும் முறையும் வந்துள்ளது. அது இன்னும் தெளிவாகப் பேசும் சாட்சி. ஐயம் தீராவிடில் மருத்துவமனையில், டாக்டரின் கண்ணெதிரே, சிறிது சிறிதாக உண்ணக் கொடுத்துப் பார்ப்பதே இறுதித் தேர்வு. இதை வீட்டில் செய்து பார்ப்பது விபரீதம். 2022 ஜனவரியில் விருதுநகரில் அரசு மருத்துவக் கல்லூரி திறக்கப்பட்டது. சிவகாசி, சாத்தூர் ஏழை மக்களுக்கும் இத்தகைய தேர்வு அங்கே எளிதில் கிடைத்தால் அது பெரும் பேறாகும். 'ஐ.ஜி.ஜி' என்ற வேறொரு பொருளை அளந்துவிட்டு இருநூறு உணவுகளுக்குத் தடை விதிக்கும் சோதனைகளும் விற்கப்படுகின்றன. அவை உணவு ஒவ்வாமையை அறிய உதவா என்பது ஒவ்வாமை மருத்துவ அறிஞர்களின் தெளிவான முடிவு.

இனி, உண்மையான ஒவ்வாமை உடையவரைக் காப்பது எப்படி? பட்டாசுத் தொழிலைப் பாருங்கள். விபத்து எப்போது வரும் என்று எவராலும் கணித்துச் சொல்ல முடியாது. அதனால்தான் அறைகளை இடைவெளி விட்டுக் கட்டுவதும், ஓர் அறையில் இருக்கும் மருந்துக்கும் ஆட்களுக்கும் அளவு வைப்பதும், தண்ணீரும் மணலும் ஆயத்தமாக வைப்பதும் விதியாயின. அவ்விதிகள் மீறப்பட்ட இடங்களில் நேர்ந்த கொடுமைகளை இம்மாவட்டத்தார்க்குச் சொல்லத் தேவையில்லை. ஒவ்வாமைக்கும் இதே நெறிதான்: எண்ணைப் பார்த்து ஆபத்தின் அளவை ஊகிப்பதை விட்டு, ஆயத்தமாக இருப்பது.

முதல் ஆயத்தம் அட்ரினலின் ஊசி. 1901-இல் தாகமினே என்ற ஜப்பானிய அறிஞர் பிரித்தெடுத்துத் தந்த இம்மருந்தே இன்றும் அனபிலாக்சிசுக்கு முதல் மருந்து. தொடையின் வெளிப்புறத் தசையில் தாமதமின்றிப் போட வேண்டும். அரிப்புக்குரிய மாத்திரை இதற்கு ஈடாகாது. அதை விழுங்கிவிட்டுக் காத்திருப்பது பொன்னான நேரத்தைப் பாழாக்குவதாகும். நோயாளியைப் படுக்க வைத்துக் கால்களை உயர்த்தி, 108-ஐ அழைக்க வேண்டும். மூச்சுத் திணறினால் உட்கார விடலாம். எழுந்து நடக்க விடக்கூடாது. மேல்நாடுகளில் நோயாளியே குத்திக்கொள்ளும் ஊசிப் பேனா புழக்கத்தில் உண்டு. நம் ஊர்க் கடைகளில் அது எளிதில் கிடைப்பதில்லை. ஆகவே விலை மலிவான இம்மருந்து ஒவ்வொரு கிராமத்து ஆரம்ப சுகாதார நிலையத்திலும் எந்நேரமும் இருக்க வேண்டும் என்று கேட்பது நம் உரிமை.

இரண்டாவது ஆயத்தம் விவரச்சீட்டு. உறையிட்ட உணவில் நிலக்கடலையோ மரக்கொட்டைகளோ இருந்தால் அதை உறையில் அறிவிக்க வேண்டும் என்று 2020-ஆம் ஆண்டின் இந்திய உணவுப் பாதுகாப்பு விதிகள் கூறுகின்றன. நாட்டின் பல பகுதிகளுக்கும் உறையும் லேபிளும் அச்சிட்டுக் கொடுக்கும் ஊர் சிவகாசி. அந்த ஒரு வரியை அச்சுக் கோக்கும் கைகள் அதன் பொருளை உணர்ந்து கண்ணுக்குத் தெரியும் எழுத்தில் அச்சிட்டால், அதுவும் உயிர்காக்கும் தொண்டே. தட்டில் அடுக்கி எடைபோட்டு விற்கும் இனிப்புக்கு உறையும் இல்லை, வரியும் இல்லை. அங்கே கேட்பது வாங்குபவர் கடமை. ஒளிக்காமல் சொல்வது விற்பவர் கடமை.

மூன்றாவது ஆயத்தம் நம் கைக்குள்ளேயே இருக்கிறது. விடுதியில் சேரும்போதே ஒவ்வாமை உண்டா என்று கேட்டுக் குறித்து வைக்கலாம். விழா நாளில் பாயசத்தில் என்ன சேர்த்தார்கள் என்பதை உணவுக்கூடத்துக் கரும்பலகையில் எழுதலாம். நாட்டு நலப்பணித் திட்ட முகாம்களில் முதலுதவி சொல்லித் தரும்போது இதையும் சேர்க்கலாம். 'பாயசம் வேண்டாம்' என்று கைகாட்டும் தோழனைக் கேலி செய்து, வற்புறுத்தி ஊட்டாமல் இருக்கலாம். இவற்றுக்கெல்லாம் பணம் வேண்டியதில்லை, மனம்தான் வேண்டும்.

"இது பணக்காரர் நோய், நமக்கென்ன?" என்று இருந்துவிடாதீர்கள். நூற்றுக்கு ஒருவர் என்றாலும் ஆயிரம் பேர் படிக்கும் ஒரு கல்லூரியில் அது பத்துப் பேர். அந்தப் பத்துப் பேரையும் அறிந்து காப்போம். மற்ற தொள்ளாயிரத்துத் தொண்ணூறு பேரைச் சீட்டின் பெயரால் பட்டினி போடாதிருப்போம்!