பைபாஸ் வால்வு யார் கையில்?



தி.நகர் ரங்கநாதன் தெருவில் பேரம் பேசி ஒரு திருப்பூர் கலர் பனியன் வாங்குகிறோம். "துவைச்சா சாயம் போகுமா?" என்று கடைக்காரரைக் கேட்கிறோம். சாயம் போட்ட தண்ணீர் எங்கே போச்சு என்று என்றைக்காவது கேட்டிருக்கிறோமா?

அது பல வருஷம் நொய்யல் ஆற்றில்தான் போனது. பாசனத்துக்காக 1992-ல் கட்டி முடித்த ஒரத்துப்பாளையம் அணை சாயக்கழிவுத் தொட்டியாகிவிட்டது. தண்ணீர் கேட்டுப் போராட வேண்டிய விவசாயிகள், அணையைத் திறக்காதே என்று போராட வேண்டியதாயிற்று!

நிறம் போனால் தண்ணீர் சுத்தம் என்று நம்மில் பலர் நினைக்கிறோம். தப்பு! சுண்ணாம்பும் ஃபெரஸ் சல்பேட்டும் போட்டால் நிறம் அடியில் படியும். கரைந்திருக்கும் உப்பு அப்படியே நிற்கும். நிலத்தைக் கெடுப்பது அந்த உப்புதான். அதைப் பிரிக்க ரிவர்ஸ் ஆஸ்மாஸிஸ் சவ்வு வேண்டும். மிஞ்சும் உப்புக் கரைசலை எவாப்பரேட்டரில் காய்ச்ச வேண்டும். அப்படிச் செய்தால் தண்ணீர், உப்பு இரண்டையுமே மறுபடி சாயத்துக்குப் பயன்படுத்தலாம்.

ஆற்றில் கழிவே விடக் கூடாது என்று 2006-லேயே சென்னை உயர் நீதிமன்றம் சொல்லிவிட்டது. கோடிக்கணக்கில் செலவழித்து மிஷின்கள் வந்தன. ஆனாலும் கழிவு நிற்கவில்லை. 2011 ஜனவரியில் சாயப்பட்டறைகளையே மூடச் சொல்லி உத்தரவு வந்தது. ஆயிரக்கணக்கான தொழிலாளர்கள் வேலையிழந்தார்கள். பிறகு, கழிவை வெளியே விடாத நிலையங்கள் ஒழுங்காக ஓடத் தொடங்கிய பிறகே தொழில் மூச்சு விட்டது.

நம்ம சென்னையிலும் வழி இருக்கிறது. கோயம்பேட்டில் 2019-ல் தொடங்கிய நிலையம், தினமும் 4.5 கோடி லிட்டர் சாக்கடை நீரைச் சுத்திகரித்து ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் பக்கத்துத் தொழிற்சாலைகளுக்கு அனுப்பும் திறன் கொண்டது. குடிதண்ணீரை மிஷினுக்கு ஊற்ற வேண்டியதில்லை.

ஆக, டெக்னாலஜி இல்லை என்று யாரும் சாக்குச் சொல்ல முடியாது. எவாப்பரேட்டர் ஓட்டினால் செலவு. ராத்திரி ஷிப்டில் பைபாஸ் வால்வைத் திருப்பினால் செலவே இல்லை. அந்த வால்வுக்குப் பக்கத்தில் நிற்கப்போவது முதலாளி அல்ல, அதிகாரி அல்ல. டிப்ளமோ முடித்த நாம்தான்!

"மேலே சொன்னா நாம என்ன பண்றது?" என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. தனி ஆளாக நின்றால் வேலை போகும். அதற்குத்தானே சங்கம்? லாக் புக்கில் பொய் ரீடிங் எழுத மாட்டோம் என்று இங்கேயே, இப்போதே பழகுவோம். சர்வேக்கும் ஒர்க்ஷாப்புக்கும் போவது போல, ஓடுகிற சுத்திகரிப்பு நிலையத்திலும் பிராக்டிகல் வேண்டும் என்று கேட்போம்.

அடையாறு பாலத்தில் மூக்கைப் பொத்திக்கொண்டு போகிற நாமே, நாளைக்கு இன்னொரு ஆற்றை நாறடிக்கலாமா? சிந்திப்போம் தோழர்களே!