பாதிப் பொருத்தம்

ரத்தப் புற்றுநோய்க்கு எலும்பு மஜ்ஜை மாற்று என்று டாக்டர் சொன்னதும், வீட்டில் எல்லாரும் திசுப் பொருத்தம் பார்க்கும் ஹெச்எல்ஏ பரிசோதனைக்கு ரத்தம் கொடுத்துவிட்டுக் காத்திருப்பார்கள். கூடப்பிறந்தவர் முழுப் பொருத்தமாக அமைய நான்கில் ஒரு வாய்ப்புதான். பெற்றோர் அநேகமாகப் பாதி. "என்னோடது பாதிதாங்க சேருது" என்று ரிப்போர்ட்டும் கையுமாகக் குன்றிப்போய் நிற்கும் அப்பாக்களுக்கு, இத்தாலியின் பெருஜியா நகரில் நடந்ததைச் சொல்ல வேண்டும் என்று எனக்கு ஆசை.

நம் ரத்தத்தில் இயற்கைக் கொல்லி செல்கள் இருக்கின்றன. டாக்டர்கள் என்கே செல் என்பார்கள். டி செல் அந்நியமானதைக் கண்டால் தாக்கும். என்கே செல்லின் கணக்கு வேறு. எதிர்ப்படும் செல்லின் மேல் தனக்குப் பழகிய ஹெச்எல்ஏ புரதம் இருக்கிறதா என்று பார்க்கும். இருந்தால் விட்டுவிடும், இல்லாவிட்டால் துளைபோட்டுக் கொல்லும். 1980களில் ஸ்வீடனின் கிளாஸ் கார்ரே வகுத்த விதி இது.

அப்படியானால், கொடுப்பவரிடம் உள்ள குறிப்பிட்ட ஹெச்எல்ஏ வகை நோயாளியிடம் இல்லாதபோது என்ன ஆகும்? புதிதாக முளைத்து வரும் என்கே செல்கள், மிச்சமிருக்கும் புற்றுச் செல்களைத் தீர்த்துக்கட்டும். பெருஜியாவின் ருஜேரி, வெலார்தி குழு 2002இல் 'சயன்ஸ்' இதழில் இதைத்தான் காட்டியது. பாதிப் பொருத்த மாற்று பெற்ற ஏஎம்எல் வகை ரத்தப் புற்று நோயாளிகளில் இந்தப் பொருத்தமின்மை அமையாதவர்களுக்கு ஐந்தாண்டுக்குள் நோய் திரும்பும் வாய்ப்பு 75 சதவீதம். அமைந்தவர்களுக்குப் பூஜ்யம். முதன்முதலில் படித்தபோது அந்த வரியிலேயே நின்றுவிட்டேன். இன்னொன்றும் உண்டு: கொடுப்பவரின் டி செல்களைத் தூண்டிவிடும் நோயாளியின் செல்களையும் என்கே செல்கள் முன்கூட்டியே அழித்தன. அதனால் புது மஜ்ஜை உடம்பையே தாக்கும் ஆபத்தும் குறைந்தது.

எல்லாருக்கும் இது பலிக்கவில்லை. ஏஎல்எல் என்ற இன்னொரு வகை ரத்தப் புற்று வந்த பெரியவர்களுக்குப் பலனில்லை. பெருஜியாவைப் போல டி செல்களை நீக்காமல் மாற்று செய்த மற்ற மையங்களிலும் இதே முடிவு கிடைக்கவில்லை. சிறுநீரக மாற்றிலோ, எதிர்ப்பொருள் ஒட்டிய ரத்தக்குழாய்ச் சுவரை இதே செல்கள் அரித்து, வைத்த உறுப்பையே கெடுக்கின்றன.

பெருஜியா முறையில் டி செல்களைச் சலித்தெடுக்கச் செலவு அதிகம். இன்று நம் நாட்டில் பாதிப் பொருத்த மாற்று பெருகியதற்கு சைக்ளோபாஸ்பமைடு என்ற மலிவான பழைய மருந்துதான் காரணம். மாற்று முடிந்த மூன்றாம், நான்காம் நாள் அதை ஏற்றுகிறார்கள். தொல்லை தரும் டி செல்களோடு, பெருகத் தொடங்கிய என்கே செல்களையும் அது அழித்துவிடுகிறது. வசதியில்லாத குடும்பத்துக்கும் கதவைத் திறந்த மருந்து. அதை விட்டுவிடச் சொல்ல எனக்கு மனமில்லை. அழிந்த என்கே செல்களுக்கு ஈடாகப் புதியவற்றைத் தனியாக வளர்த்துப் பிறகு ஏற்றும் ஆய்வுகள் நடக்கின்றன. அவையும் அந்த மருந்தைப் போல ஏழைக்கு எட்டும் விலையில் வர வேண்டும்.