வில்லனுக்கு இனம் வேண்டாம்

2023 செப்டம்பரில் ஐதராபாத் வரைக்கும் வந்த டபிள்யூடபிள்யூஈ திருகோணமலைக்கு வராது. அது எனக்கும் தெரியும். நான் பார்த்துக்கொண்டிருக்கிறது எங்கட மக்கெய்சர் மைதானத்தில் எண்டைக்காவது நடக்கப்போற ஒரு சின்ன இன்டி ஷோவை. ஏன் நடக்காது? 2018இல் சிக்காகோவுக்குப் பக்கத்தில் கோடி ரோட்ஸும் யங் பக்ஸும் நடத்தின 'ஆல் இன்' ஷோவுக்குப் பத்தாயிரம் டிக்கெட் அரை மணித்தியாலத்தில் முடிஞ்சது.

"உது நடிப்புத்தானே?" ஓம், முடிவு முதலே பேசி வைச்சதுதான். கூத்திலயும் ஆர் சாவினம் எண்டு தெரிஞ்சுதானே விடிய விடிய இருக்கிறம்! என்ர பிரச்சினை நடிப்பில்லை, வில்லன். ஈரான் பணயக்கைதிகள் விவகாரத்தின் சூடு ஆறமுதல் அமெரிக்காவில் அயர்ன் ஷீக்கை ஈரான் கொடியோட ரிங்குக்குள்ள விட்டாங்கள். 1984 ஜனவரியில் ஹல்க் ஹோகன் அவரை விழுத்த, சனம் எழும்பிநிண்டு கத்திச்சுது. சனத்தைச் சூடாக்க லேசான வழி அது. தமிழ், முஸ்லிம், சிங்களம் எல்லாரும் ஒரே பஸ்ஸில் போற எங்கட ஊருக்கு அது வேண்டவே வேண்டாம்.

எனக்கு வேண்டியது, நடுவர் அங்கால திரும்பேக்க களவா அடிக்கிறவன், மைக்கை எடுத்து "டச்பேயும் ஒரு கடலா?" எண்டு நக்கலடிக்கிறவன். அவனுக்குத் தமிழிலயும் சிங்களத்திலயும் விழுற ஏச்சில, கோட்டை மானெல்லாம் வெருண்டு ஓடவேணும்.